பழைய கம்ப்யூட்டரில் நாற்பத்தேழு பேர்

“ஓடுற வரைக்கும் ஓடட்டும், இப்ப எதுக்குப் புதுசு?”

பின் சீட்டில் ஒருவர் போனில் சொன்னாரே, கேட்டீர்களா அக்கா? தண்ணீர் மோட்டாரைச் சொல்கிறாரோ, மிக்ஸியைச் சொல்கிறாரோ தெரியவில்லை. ஒரு மாதமாக நான் எங்கள் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தது இதே வார்த்தைதான்.

பஸ் ஜன்னல் ஷட்டரைப் பாதி இறக்கிவிடட்டுமா? காற்று அடிக்கிறது என்று இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் என் முகம் தெரியும். சிவப்பு மொபெட்டில் வெள்ளைச் சட்டை போட்டு நெற்றி நிறைய திருநீறோடு அண்ணாச்சி பின்னால் வந்தால் மட்டும் சொல்லுங்கள்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை அக்கா. கல்லூரியில் மூன்று வருடம் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. இன்று பேசாமல் இருந்தால் வாந்தி வந்துவிடும் போலிருக்கிறது. நீங்கள் புளியங்குடியில்தானே இறங்குகிறீர்கள்? நானும் அங்கேதான். சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். கடையைப் பூட்டவும் இல்லை. எப்படிப் பூட்டுவது, உள்ளே ஆள் இருக்கிறதே.

சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் மாடியில் எங்கள் கடை. கணினி ஜோதிட நிலையம் என்று போர்டு. பிச்சையா அண்ணாச்சி ஜாதகம் பார்ப்பார், பொருத்தம் சொல்வார், வரனும் சேர்த்து வைப்பார். நான் ஆபரேட்டர். பிறந்த தேதி, நேரம், ஊர் கேட்டு அடித்து, ஜாதகத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆறு வருடமாக அதே நாற்காலி. “மாரிச்செல்வி இருக்காளா இல்லையான்னே தெரியாது, அவ்வளவு அடக்கம்” என்று வருகிறவர்களிடம் அண்ணாச்சி சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

கம்ப்யூட்டர் எனக்கும் முந்தியது. பதினெட்டு வருடம் ஆகிறது. வெள்ளையாக வந்ததாம், நான் சேரும்போதே டீத்தண்ணீர் நிறம். நெற்றியில் சந்தனம், குங்குமம். காலையில் சுவிட்சைப் போட்டால் அது விழிப்பதற்குள் அண்ணாச்சி சாம்பிராணி காட்டி முடித்து, பேப்பரில் முதல் பக்கத்தையும் படித்துவிடுவார். “என்னம்மா, எந்திரிச்சிட்டாளா?” என்பார். அவருக்கு அது பெண்பிள்ளை. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போய் நாலு வருடம். அதனால் இன்றைக்கு என்ன தேதி என்று அதற்கே தெரியாது. தினமும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேலைக்கு நடுவில் நின்றுவிட்டால் வலது பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு. வேறு யார் தட்டினாலும் கேட்காது.

அதில் ஜாதகம் போடுகிற புரோகிராம், மதுரைக்காரர் ஒருவர் அண்ணாச்சிக்கென்றே எழுதிக் கொடுத்தது. அவர் காலமாகிவிட்டார். அவர் கொடுத்த ஃபிளாப்பியில் பூஞ்சை பூத்துவிட்டது. அந்தப் பெட்டியை விட்டால் அந்த புரோகிராம் வேறு எதிலும் ஓடாது.

போன மாதம் அது ரொம்பப் படுத்திவிட்டது. கழுகுமலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டது. மாப்பிள்ளைப் பையனுடைய தகப்பனார், “கம்ப்யூட்டருக்கே கிரகம் சரியில்ல போலிருக்கே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. மறுநாளே ஜெபராஜை வரச் சொல்லிவிட்டார். ஜெபராஜ்தான் எங்கள் தெருவில் எல்லாக் கடைக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற அண்ணன். அவருக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, சர்ச்சுக்குப் போகிறவர்.

ஜெபராஜ் அண்ணன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். “அண்ணாச்சி, பழசுக்கே ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் மாத்தி ஓட்டலாம். இந்த மாடலுக்கு ரேம் புதுசு வராது, மதுரையில பழசு தேடிப் பிடிக்கணும். ரெண்டு வருஷம் ஓடும், அதுக்கு மேல நான் கேரண்டி இல்ல. இல்லன்னா ஒரேயடியா புதுசு வாங்கிருங்க. ஆனா உங்க பழைய புரோகிராம் அதுல வராது, புது புரோகிராமும் சேர்த்து வாங்கணும்.”

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. புதுசு என்றார். அதோடு விட்டாரா? ஆவணியில் முதல் முகூர்த்த நாளில் திறப்பு விழா வைக்கலாம் என்றார். பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் தங்கள் பழைய ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டினால் புது கம்ப்யூட்டரில் கலரில் புது ஜாதகம் இலவசம், அதற்கு ஒரு நோட்டீஸ் அடி என்றார். பழைய தாளும் புதுத் தாளும் ஒரே வீட்டில், ஒரே மேஜையில், பக்கத்துப் பக்கத்தில். நான் நோட்டீசை அடித்தேன். அடித்து முடித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏன் என்கிறீர்களா?

அக்கா, உங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு குழந்தை பிறந்தால் என்ன கிழமை என்று சொல்வீர்கள்? வியாழக்கிழமை ராத்திரி என்பீர்கள். சரிதான். நம் பக்கத்தில் பொழுது விடிகிற வரைக்கும் முந்தின நாள்தான். ஆனால் பிறப்புச் சர்டிஃபிகேட்டில் அதே பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை தேதி இருக்கும், ஏனென்றால் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. நேரம் ஒன்றுதான், சொல்கிற விதம் இரண்டு. மதுரைக்காரர் நம் வழக்கப்படி எழுதியிருந்தார். வியாழக்கிழமை தேதியைப் போட்டு, இரவு இரண்டு மணி என்று போட்டால், அது தானாகவே விடிந்தால் வெள்ளி என்று புரிந்துகொண்டு கணக்குப் போடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணாச்சி இதைச் சொன்னார். ஒரே ஒரு தடவை. அதுவும் சீடையை மென்றுகொண்டே. “ராத்திரி பொறந்த பிள்ளைக்கு முந்தின நாளைப் போடணும் தாயி.” நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. சர்க்கார் முத்திரையோடு வெள்ளி என்று இருக்கும்போது வியாழன் என்று எப்படிப் போடுவது? அந்தக் காலத்து ஆள், அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மாதம் சர்டிஃபிகேட்டைப் பார்த்துத்தான் போட்டேன். வெள்ளி, இரவு, இரண்டு மணி. அது அதை விடிந்தால் சனி என்று எடுத்துக்கொண்டது. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நல்ல புரோகிராம் என்றால் கேட்க வேண்டாமா?

ஒரு நாள் தள்ளிப்போனால் பெரிதாக எதுவும் மாறாது அக்கா. லக்னம் அதேதான். பல பேருக்கு ராசியும் அதேதான். நட்சத்திரம் மட்டும் அடுத்ததுக்குப் போய்விடும். பூசமாக இருந்தால் ஆயில்யம் என்று வரும். தப்பு என்று சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு மழை நாளில் ஆள் வரவில்லை. சும்மா இருக்கிறோமே என்று என்னுடைய ஜாதகத்தையே போட்டுப் பார்த்தேன். நான் பிறந்தது ராத்திரி நாலு மணிக்கு. எங்கள் வீட்டில் எனக்குச் சதயம் என்பார்கள். கம்ப்யூட்டர் பூரட்டாதி என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் பூரட்டாதி. அப்புறம்தான் அந்தச் சீடை ஞாபகம் வந்தது. முந்தின நாள் தேதியைப் போட்டேன். சதயம் வந்துவிட்டது. அன்றைக்கு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்து, “என்னம்மா, காய்ச்சலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாளிலிருந்து சரியாகத்தான் போட்டேன். இன்று வரை ஒன்று பிசகியதில்லை. அந்த எட்டு மாதத்தில் நடு ராத்திரிக்கு மேல் விடிவதற்குள் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினேன். நாற்பத்தேழு பேர். பெயர், போன் நம்பர், சரியான நட்சத்திரம், நான் கொடுத்த நட்சத்திரம், எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக அடித்து, கோலம் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்தேன். அண்ணாச்சி கோலத்தைத் திறக்க மாட்டார் இல்லையா? என்றைக்காவது உதவும் என்றுதான் எழுதி வைத்தேன். யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. எப்படிச் சொல்வது? அந்த மனிதர் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளேயிருந்து என்ன சொல்வது? அதோடு, எல்லாருக்கும் கெட்டது நடக்கவில்லை அக்கா. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு ஆயில்யம் மகமாகிவிட்டது. ஆறே மாதத்தில் கல்யாணம். இப்போது இரட்டைக் குழந்தை. கடைக்கு வந்து எனக்கு லட்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

சிவகாமி டீச்சர் விஷயம் மட்டும்தான் கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சிவப்பு மொபெட் ஏதாவது வருகிறதா? பால்காரரா? சரி.

சிவகாமி டீச்சர் கான்வென்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவருக்கு அப்பா இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மாவும் மகளுமாக வந்தார்கள். மின்வாரியத்தில் வேலை பார்க்கிற பையன், இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய் பூ வைத்தாயிற்று. பொருத்தத்துக்கு அண்ணாச்சி கடையில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று பையனின் அம்மா கேட்டிருக்கிறார். டீச்சரின் அம்மா, “வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மணிம்மா, பூச நட்சத்திரம்” என்றார். நான் சர்டிஃபிகேட்டைப் பார்த்தேன். “இல்லம்மா, இதுல வெள்ளிக்கிழமை தேதிதான் இருக்கு. இதுதான் சரி” என்றேன். என் வாழ்க்கையில் ஒருவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசிவிட்டோமே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட.

ஆயில்யம் என்று வந்தது. அந்த அம்மா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இருபத்தஞ்சு வருஷமா பூசம்னுதானே அர்ச்சனை பண்ணுதோம்” என்றார். அண்ணாச்சி, “உங்க வீட்டுக்காரர் குத்துமதிப்பா பார்த்துச் சொல்லியிருப்பாரு தாயி. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது” என்றார். அந்த அம்மா நம்பிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து கோயிலில் ஆயில்யம் என்று சொல்லித்தான் அர்ச்சனை செய்தாராம்.

ஆயில்யப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்களே. பையனின் அம்மா பூவைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு இடம் வந்தது. எல்லா இடத்திலும் பையனுக்கு அம்மா இருந்தார்கள். டீச்சர் முதலில் வருடம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்தார், அப்புறம் அந்த அம்மா மட்டும். போன வருடத்திலிருந்து அந்த அம்மாவும் வருவதில்லை, போனில் கேட்பார். நான்தான் எடுப்பேன். “ஒண்ணும் அமையலம்மா” என்பேன். குரலை ரொம்ப மென்மையாக வைத்துக்கொள்வேன்.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நினைக்காதீர்கள். வருகிற ஒவ்வொரு ஜாதகத்திலும் தாய் இல்லாத மாப்பிள்ளை இருக்கிறாரா என்று தேடினேன். அண்ணாச்சி சொல்லி இல்லை, நானாக. கடைசியில் சித்திரை மாதம் கிடைத்தது. தென்காசியில் உரக்கடை வைத்திருக்கிறவர். வயது நாற்பத்தி நாலு. அம்மா தவறி ஒரு வருடம் ஆகிறது. டீச்சருக்கு முப்பத்தொன்றுதான், ஆனாலும் சரி என்றுவிட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதை முடித்து வைத்தது நான் என்று யாருக்கும் தெரியாது. அண்ணாச்சிதான் பேர் வாங்கினார். பரவாயில்லை. எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம் பார்த்து இந்தப் புதுக் கம்ப்யூட்டர்.

ஒரு மாதமாக நான் பட்ட பாடு. பெயின்ட் பிரஷ் வைத்து உள்ளே இருந்த தூசியெல்லாம் தட்டினேன். பேட்டரி வாங்கி என் கையால் போட்டேன். முதல் தடவையாக அதற்குத் தேதி ஞாபகம் இருந்தது. “பார்த்தீங்களா அண்ணாச்சி, நல்லாயிட்டு. ஓடுற வரைக்கும் ஓடட்டும், இப்ப எதுக்குப் புதுசு?” என்றேன். “ராசியான பெட்டி அண்ணாச்சி, இதுல பார்த்த கல்யாணம் எத்தனை” என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “இவ்வளவு பேசுவியாம்மா நீ?” என்றார்.

அவர் கொஞ்சம் இளகினார். ஒரு நாள் என்ன செய்தார் தெரியுமா? கம்ப்யூட்டருக்கே ஜாதகம் பார்த்தார். முதன்முதலில் சுவிட்ச் போட்ட தேதி, நேரம் எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். காகிதத்தில் கட்டம் போட்டு அரை மணி நேரம் விரல் விட்டு எண்ணினார். “ஏழரைச் சனி நடக்குது. ஆனா ஆயுசு பலம் இருக்கு” என்றார். எனக்குக் கோயிலில் மணி அடித்த மாதிரி இருந்தது. ஜெபராஜ் அண்ணனுக்கு போன் போட்டு, “புதுசு பத்தி யோசிக்கணும்டே, பழசுக்கு ஆயுசு இருக்காம்” என்றார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, “யார் சொன்னாவா? நாந்தான் சொல்லுதேன்” என்றார்.

ஜெபராஜ் அண்ணன் விடுகிற ஆள் இல்லை. இன்று காலையில் ஒரு புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டார். புது புரோகிராம், கலர் பிரிண்டர், எல்லாமே. “வாங்க வேண்டாம் அண்ணாச்சி. பத்து நாள் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே ஜாதகத்தைப் போட்டுப் பார்த்துட்டு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.” பழைய பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். கருப்பாக, ஒல்லியாக, சத்தமே இல்லாமல் இருந்தது. சத்தம் இல்லாததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து சிவகாமி டீச்சர் படியேறி வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டு ஐயர் ஜாதகத்தில் இன்னொரு பிரதி கேட்டாராம். பழைய தாள் மடித்து மடித்துக் கிழிந்துவிட்டது என்றார்.

“வாம்மா, நல்ல நேரத்துல வந்த” என்றார் அண்ணாச்சி. “மாரி, டீச்சரோடதையே ரெண்டுலயும் போடு. கல்யாணப் பொண்ணு, ராசியா இருக்கும்.”

பழையதில் அவருடைய ஜாதகம் ஏற்கெனவே இருந்தது. பிரிண்ட் கொடுத்தேன். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்தது. ஆயில்யம். புதியதுக்கு என் நாற்காலியை நகர்த்தினேன். மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன் அக்கா. இதில் சர்டிஃபிகேட் தேதிக்கு ஒரு நாள் கூட்டி, சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணி என்று போட்டால், இதிலும் ஆயில்யம் வந்துவிடும். இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இனிமேல் அந்த நாற்பத்தேழு பேரில் யார் வந்தாலும் இப்படியே போட்டுவிடலாம். இத்தனை சுலபமான வழி ஒரு மாதமாக ஏன் தோன்றவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். கையைக் கீபோர்டில் வைக்கப் போனேன்.

“நீ இரும்மா, இதோட கட்டம் உனக்குத் தெரியாது, நான் காட்டுதேன்” என்று ஜெபராஜ் அண்ணன் குனிந்துவிட்டார். “மேடம், சர்டிஃபிகேட்ல உள்ள தேதி சொல்லுங்க. நேரம் சொல்லுங்க.” டீச்சர் பையிலிருந்து சர்டிஃபிகேட்டை எடுத்துப் படித்தார். வெள்ளிக்கிழமை. அதிகாலை இரண்டு மணி. ஜெபராஜ் அண்ணன் இரண்டு விரலால் தட்டினார். பிரிண்டர் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டு ஒரு தாளை நீட்டியது. மேலே பிள்ளையார், கலரில். கீழே பூசம்.

அண்ணாச்சி இரண்டு தாளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“மாரி. அன்னைக்கு நீ எந்தக் கிழமையைப் போட்ட?”

நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருடத் தொழில் அக்கா. வெளியே எட்டிப் பார்த்தார், படியில் யாராவது வருகிறார்களா என்று. அப்புறம் சிரித்தார்.

“என்னடே ஜெபராஜ், உன் புது மெஷினு இந்த லட்சணத்துல இருக்கு? பூசம்ங்குது. தூக்கிட்டுப் போ. பழசுக்கே ரேமைப் போட்டுரு, ஹார்ட் டிஸ்கும் மாத்திரு. இன்னைக்கே ஆள் அனுப்பி மதுரையில வாங்கு.”

“அண்ணாச்சி, கணக்கு தப்பா வராது, நாடு பூரா இதைத்தான்…”

“நாடு பூரா வச்சிருக்கட்டும். என் கடையில வேண்டாம். தூக்கு, நானும் ஒரு கை பிடிக்கேன்.”

பூசம் என்று போட்ட தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழைய தாளை டீச்சர் கையில் கொடுத்தார். “இதுதான்மா சரி. ஐயர்ட்ட குடு.” அவரும் ஜெபராஜ் அண்ணனும் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே போய் அப்படியே ரேமுக்குச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார்.

ஒரு மாதமாக நான் வேண்டியது நடந்துவிட்டது. பழசே இருக்கப் போகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் டீச்சர் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். அந்தத் தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா வியாழக்கிழமைன்னு சொன்னாங்க” என்றார். “நீதானே இல்லன்னு சொன்ன?”

சத்தம் போடவில்லை. சின்னப் பிள்ளையிடம் யார் பென்சிலை எடுத்தது என்று கேட்கிற குரல். சத்தம் போட்டிருந்தால் அழுதிருப்பேன், சமாளித்திருப்பேன். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீடையிலிருந்து சொன்னேன். எட்டு மாதத்தைச் சொன்னேன். உரக்கடைக்காரரைத் தேடிக் கண்டுபிடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன், அதையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று.

“நான் ஒருத்திதானா?” என்று கேட்டார்.

இல்லை என்று கோலம் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். நம்மைப் போல நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். யாருக்குமே அப்படித்தானே இருக்கும்? அவர் குனிந்து திரையைப் படித்தார். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒரு பெயரில் நின்று, “இவ என்கூடப் படிச்சவ” என்றார். இன்னொரு பெயரில், “இந்தப் பையன் வீட்டுல மூணு வருஷமா பரிகாரம் பண்ணுதாங்க” என்றார். அப்புறம் கடைசி வரை படித்தார். பெட்டி நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டது. நான் தட்டினேன், ஓடியது.

“இதை பிரிண்ட் போடு” என்றார்.

“டீச்சர், வெள்ளிக்கிழமை உங்களுக்கு…”

“பிரிண்ட் போடு மாரிச்செல்வி.”

நான் ஏன் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை அக்கா. யாராவது அதட்டினால் கேட்டுவிடுகிற பழக்கம். மூன்று தாள் வந்தது. அது அடிக்கிற சத்தத்தில் கீழே அண்ணாச்சி பேசுவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றேன். தாள் முழுக்க வெளியே வருவதற்குள் என் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படிவாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

டீச்சர் தாள்களைக் கிழித்து எடுத்தார். இரண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டைப் பட்டையை நிதானமாக உரித்து மேஜையில் வைத்தார். அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்தார். கடை போனைத் தன் பக்கம் இழுத்து, முதல் பெயருக்கு நேராக ஒரு விரலை வைத்துக்கொண்டு, நம்பரை அழுத்தினார்.